ஊர்ப் பெயருக்கும் விலை உண்டு: பிரெஞ்சு திராட்சைத் தோட்டங்கள் தரும் பாடம்

புதுச்சேரிக்கும் திராட்சை மதுவுக்கும் 2,000 ஆண்டு உறவு உண்டு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளில் இருந்து மது கொண்டுவந்த இரட்டைப் பிடி ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன.

இன்று பிரான்சின் போர்தோ பகுதியில் உள்ள லஃபீத், லத்தூர், மார்கோ போன்ற பழம்பெரும் தோட்டங்களின் சிவப்பு ஒயின், ஒரு பாட்டிலே பல ஆயிரம் ரூபாய்க்கு விலை போகிறது. 1855-ல் பாரிஸ் கண்காட்சிக்காக, அதுவரை கிடைத்து வந்த விலையை வைத்தே இத்தோட்டங்களைத் தரம் பிரித்தனர். அந்தப் பட்டியல் இன்றும் செல்லுபடியாகிறது.

மகசூலைக் குறைத்து விலையைக் கூட்டுகிறார்கள்

அங்கு சிறந்த தோட்டங்கள் தண்ணீர் தேங்காத சரளை மண்ணில் உள்ளன. கடுமையாகக் கவாத்து செய்கிறார்கள். காய்ப்பு அதிகமானால் பிஞ்சுக் கொத்துகளையே வெட்டி எறிகிறார்கள். எக்டருக்கு இவ்வளவு மகசூல்தான் என்று சட்டமே வரம்பு வைத்துள்ளது. மீறினால் ஊர்ப் பெயரைப் போட்டு விற்க முடியாது.

ஒயினை 225 லிட்டர் ஓக் மரப் பீப்பாயில் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வரை வைக்கிறார்கள். பழத்தின் தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்பே அதை நெடுநாள் தாங்க வைக்கிறது. பாட்டிலில் ஆண்டுகள் செல்லச் செல்லத் துவர்ப்பு மென்மையாகி, சுவை கூடுகிறது. எல்லா ஒயினும் இப்படிப் பழுக்காது. பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் குடிக்க வேண்டியவையே.

கம்பம் காட்டிய வழி

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை 1832-ல் பிரெஞ்சு பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகக் கூறப்படுகிறது. இதற்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அதற்காக வில்லியனூர், பாகூர் விவசாயிகள் திராட்சை நட வேண்டும் என்பதில்லை. வடகிழக்குப் பருவமழை கொட்டும் நம் வயல்களில் வடிகால் சிக்கலும் அடிச்சாம்பல் நோயும் திராட்சையை வாட்டும். பயிரை அல்ல, ஊர்ப் பெயரைக் காக்கும் முறையைத்தான் பின்பற்ற வேண்டும். பாகூர் ஏரிப் பாசனத்தில் விளைந்த நெல்லும், வெளியூர் ஆலைக்குப் போனதும் ஊர்ப் பெயரை இழந்துவிடுகிறது. வில்லியனூர் சுடுமண் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு உள்ளது. அதே வழி விளைபொருளுக்கும் திறந்திருக்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

* தனி விவசாயி விண்ணப்பிக்க முடியாது. சங்கமாகவோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகவோ சேர வேண்டும்.
* பொருளின் தனித்தன்மை, விளையும் பகுதியின் வரைபடம், பழமைக்கான ஆவணங்கள், தரத்தைக் கண்காணிக்கும் ஏற்பாடு ஆகியவை தேவை.
* விண்ணப்பத்தைச் சென்னை கிண்டியில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அளிக்க வேண்டும்.
* பதிவு 10 ஆண்டு செல்லும். பிறகு புதுப்பிக்கலாம்.
* பதிவான பின், ஒவ்வொரு விவசாயியும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

குறியீடு கிடைத்தால் மட்டும் விலை உயராது. கலப்பட விதை, ஈர நெல், வேறு ஊர்ச் சரக்கு ஆகியவற்றைச் சங்கமே தடுத்தால்தான் பெயர் நிற்கும். முதல் படியாக, இந்தப் பருவத்தில் இருந்தே ரகம், விதைப்புத் தேதி, மகசூல், விற்ற விலை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி வாருங்கள். தொழில்நுட்ப ஆலோசனைக்குக் குரும்பாப்பேட்டில் உள்ள காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.