இரு வேறு இசைகள் ஓர் அரங்கிலே

மரபிசையிலே பற்றுடையோர் பலருக்குக் கலப்பிசை என்னுஞ் சொல் உவப்பானதன்று. பாலோடு நீர் சேர்ந்தாற்போல இரண்டுந் தத்தந் தன்மை கெடும் என்பது அவர்தம் அச்சம். இளையோரோ, புதுமை என்ற ஒரு காரணம் பற்றியே அதனைப் போற்றுவர். இவ்விரு சாராரும் கலப்பு எவ்வாறு நிகழ்கின்றது என்பதனை ஆராய்ந்து பின்னர் முடிபு கூறுதலே முறையாகும். அதற்கு உதவியாக மேலை நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டும், நமது புத்தளக் கரையிலிருந்தே மற்றோர் எடுத்துக்காட்டும் ஈண்டுத் தரப்படுகின்றன.

செல்லோ என்பது வயலின் குடும்பத்தைச் சேர்ந்த தந்திக் கருவி. அளவில் வயலினினும் மிகப் பெரிது. வாசிப்பவர் நாற்காலியில் அமர்ந்து, அதனை முழங்கால்களுக்கிடையே நிறுத்தி, வில் கொண்டு வாசிப்பர். அதன் நான்கு தந்திகளும் அடுத்தடுத்துச் சட்ஜ பஞ்சம உறவிலே சுருதி கூட்டப்படுவன. ஆடவர் குரலை ஒத்த கனமும் குழைவும் அதற்கு உண்டு. ஐரோப்பியச் செவ்விசையிற் பயின்ற செல்லோ வித்துவான், இசைப்புலவர் எழுதி வைத்த சுரக் குறிகளைப் பிறழாது வாசிக்கவும், அவற்றினுள்ளே உயிர்ப்பைக் காட்டவும் பழகியவர்.

ஜாஸ் இசையின் பிறப்பு வேறு. அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆபிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரிலே அதனை வளர்த்தனர். ஆபிரிக்கத் தாள உணர்வும் ஐரோப்பியக் கருவிகளும் சுர அடுக்குகளும் அங்கே ஒன்றுசேர்ந்தன. ஆகவே ஜாஸ் தானே ஒரு கலப்பிசை என்பது கருதற்பாலது. பியானோ, டபிள் பேஸ், டிரம்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்த மூவர் குழு அதன் புகழ்பெற்ற அமைப்புகளுள் ஒன்று. அவர்கள் ஒரு மெட்டை முதலில் வாசித்து, பின் அதன் சுர அடுக்குகளை அடித்தளமாகக் கொண்டு, அவ்வப்போது தோன்றுங் கற்பனைகளை விரிப்பர். கல்பனாசுவரத்தையும் தனி ஆவர்த்தனத்தையும் கேட்டுப் பழகிய நமக்கு இம்மனோதர்மம் அந்நியமன்று.

எழுதியதை வாசிப்பவரும் எழுதாததை வாசிப்பவரும் எவ்வாறு ஒன்றுசேர்வர்? பிரான்சு நாட்டுப் பியானோ வித்துவான் குளோட் பொல்லிங் (1930–2020) இதற்கு ஒரு வழி கண்டார். முதலிலே புல்லாங்குழல் வித்துவான் ழான் பியர் ரம்பாலுக்காகக் குழலும் ஜாஸ் பியானோக் குழுவும் சேர்ந்த தொடர் ஒன்றை ஆக்கினார். பின்னர் செல்லோவுக்கும் மூவர் குழுவுக்கும் உரிய தொடரை ஆக்கி, 1984இல் யோ யோ மா என்னும் பெரும் வித்துவானுடன் ஒலிப்பதிவு செய்தார். அவ்வமைப்பிலே செவ்விசைக் கருவிக்குரிய பகுதி எழுதப்பட்டிருக்கும். மூவர் குழுவோ அதனைச் சூழ்ந்து ஜாஸ் நடையிலே இயங்கும்.

இத்தகைய அரங்கிலே மூன்று இடர்கள் தோன்றும். முதலாவது ஒலியளவு. வில்லின் மெல்லொலியை டிரம்ஸ் எளிதில் மூழ்கடித்துவிடும். ஆதலின் அதனை வாசிப்பவர் கோலை விடுத்துக் கம்பித் தூரிகையால் மெல்லத் தடவி வாசிப்பதுண்டு. இரண்டாவது சுருதி நிலை. செல்லோவும் டபிள் பேஸும் மந்தர ஒலிக்கு உரியன. இரண்டும் ஒரே இடத்தில் நின்றால் ஒலி குழம்பும். ஆகவே பேஸ் கீழே நின்று விரலால் மீட்டப்பட, செல்லோ மேலே சென்று வில்லாற் பாடுதல் பொருத்தமாகும். மூன்றாவதே அரியது, அது காலம். செவ்விசையாளர் உணர்ச்சிக்கேற்பக் காலத்தைச் சற்றே நெகிழ்த்துவர். ஜாஸ் குழுவின் அடிநடையோ பெரும்பாலும் தளராது செல்லும். ஆயினும் அதன் மேலே, சமமாக எழுதப்பட்ட இரு சுரங்களை முன்னது நீளவும் பின்னது குறுகவும் வாசிப்பர். ஓர் எண்ணிக்கையை மூன்றாகப் பகுத்து, முன்னதற்கு இரண்டு பங்கும் பின்னதற்கு ஒரு பங்குங் கொடுத்தாற் போன்றது அது. திச்ர நடை அறிந்தவர் இதனை உடனே உணர்வர். இதனைத் தாளிலே எழுதிக் காட்டல் அரிது. பக்கத்திலிருப்பவரைச் செவிமடுத்தே பிடிக்கவேண்டும்.

கலப்பு நம்மவர்க்கும் புதிதன்று. முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். அவை நோட்டுசுவரம் எனப்படும். அவருடைய தம்பியார் பாலுசுவாமி தீட்சிதர் மேலை நாட்டு வயலினைக் கருநாடக இசைக்கு இசைவித்தார். நாம் அக்கருவியின் சுருதி முறையையும் பிடிக்கும் முறையையும் மாற்றி, நிலத்தில் அமர்ந்து கமகம் வாசித்தோம். இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது. வந்த கருவியால் நம் இசை கெட்டதா? இல்லை, தன்னை நன்கறிந்த இசை, வந்ததைத் தனதாக்கிக்கொண்டது. இலங்கையிலும் 1958இல் டேவ் புரூபெக்கும் 1963இல் டியூக் எலிங்டனும் தத்தங் குழுவினருடன் வந்து வாசித்தனர். அதே 1958ஆம் ஆண்டுப் பயணத்திலே இஸ்தான்புல் வீதியிற் கேட்ட ஒன்பதெண் தாளத்தைப் புரூபெக் மறுஆண்டு தம் ஆக்கமொன்றிற் கையாண்டார் என்பதும் அறியத்தக்கது.

இனி நம் கரைக்கு வருவோம். புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியிலே, இலங்கையிற் காப்பிரிகள் என்னும் பெயரால் அறியப்படும் மக்கள் சிறு தொகையினராக வாழ்கின்றனர். போத்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் படைவீரராகவும் தொழிலாளராகவும் கொண்டுவந்த ஆபிரிக்கரின் வழியினர் அவர். அவர்தம் இசை மாஞ்சா எனப்படும். கைத்தாளமும் பறையும், தட்டப்படும் சிரட்டையும் போத்தலும் கரண்டியுமே அவர்தங் கருவிகள். சில அடிகளே கொண்ட பாடல் மெல்லத் தொடங்கி, மீண்டும் மீண்டும் பாடப்பட்டு, விரைவு ஏறி ஏறி ஆட்டத்தோடு முடியும். பாடலின் மொழி இலங்கைப் போத்துக்கேயக் கிரியோல். இந்நாட்டார் யாவரும் விரும்பிக் கேட்கும் பைலாவின் ஆறெண் நடைக்கும், மட்டக்களப்புப் பறங்கியரின் கப்பிரிஞ்ஞாவுக்கும் இவ்விசை உறவுடையது.

நண்பர்களே, நியூ ஓர்லியன்சிலே சந்தித்த ஆபிரிக்காவும் ஐரோப்பாவுமே சிறாம்பியடியிலும் சந்தித்தன அல்லவா? ஆயின் அங்கே பிறந்தது உலகெங்கும் பரவிற்று. இங்கே பிறந்தது ஒரு சில குடும்பங்களின் முற்றத்தோடு நின்றது. இசையின் தரம் இதற்குக் காரணமன்று. அங்கே பெருந்தொகை மக்கள் இருந்தனர். 1917 முதல் இசைத்தட்டும் இருந்தது. இங்கோ மக்கள் சிலர். வீட்டு மொழியும் மாறிவிட்டது. முதியோர் பேசிய கிரியோல் மறைந்து, சிங்களமே இளையோரின் மொழியாயிற்று. பாடலை மனனமாகப் பாடுவோர் உளர். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கூறுவோர் அருகினர். கலப்பினால் மாஞ்சா பிறந்தது. கேட்டுப் பொருள் உணர்வார் குறைதலாலேயே அது நலிகின்றது.

இந்நிலை அயலாருக்கு மட்டும் உரியதென்று நாம் அமைதியடைய இயலாது. உடப்புக் கரையிலே கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடலை எண்ணிப் பாருங்கள். ஒருவர் பாட, மற்றையோர் ஏற்றுப் பாட, அத்தாளத்திலே பல கைகள் ஒருங்கே கயிற்றை இழுக்கும். முன்னவர் விளிப்பும் பின்னவர் விடையுமாகிய இம்முறை ஆபிரிக்க இசைக்கும் ஜாஸுக்கும் உயிர்நாடியாகும். அம்பா தொழிலோடு பிறந்த பாடல்; கைகள் செய்த வேலையை இயந்திரம் ஏற்குமிடத்திலே பாடலுக்கு வேலை இல்லாது போகும். ஏட்டில் எழுதப்படாத பாடல், பாடுவாரோடு மறையும்.

ஆதலின் நம் பழைய மாணவரிடம் ஒரு வேண்டுகோள். கடலோர ஊர்களில் வாழ்வோர், தம்மூர் முதியோரின் இசைவு பெற்று, அவர் பாடுவதைக் கைத்தொலைபேசியிலேனும் பதிவுசெய்க. பாடலோடு நில்லாது, சொற்பொருளையும், எவ்வேலையின்போது பாடப்பட்டது என்பதனையும், பாடினாரின் ஊரையும் அவர் வாய்மொழியாகவே கேட்டுக் குறித்துக்கொள்க. மாணவரும் ஆசிரியரும் ஒருங்கு முயன்றால் அப்பதிவுகள் கல்லூரி நூலகத்திலே சேமிக்கப்படலாம். பிற்காலத்து மாணவனொருவன் செல்லோவோடோ ஜாஸ் குழுவோடோ நம் அம்பாவை ஓர் அரங்கிலே சேர்க்க விரும்பலாம். அன்று அவன் கொண்டுசெல்லும் பாடல் பொருளோடு அவன் கையில் இருத்தல் வேண்டும்.