டாலர் குறிக்கு நடந்த போட்டி

போன வாரம் பிரவுசர்கள் போட்ட சண்டையைப் பார்த்தோம். எக்ஸ்ப்ளோரரில் ஓடும் நிரல் ஃபயர்ஃபாக்ஸில் படுத்துவிடும். இந்தத் தொல்லையை மறைக்க வந்தவைதான் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகள். வந்த வேகத்தில் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டன.

2005-ல் சாம் ஸ்டீபன்சனின் புரோட்டோடைப் வந்தது. அடுத்த ஆண்டே ஜான் ரெசிக்கின் ஜேக்வெரி, வலேரியோ புரோயெட்டியின் மூடூல்ஸ், யாஹூவின் ஒய்யுஐ. டோஜோவும் களத்தில் இருந்தது. இவற்றில் புரோட்டோடைப், ஜேக்வெரி, மூடூல்ஸ் மூன்றுக்கும் டாலர் குறிதான் அழைப்புப் பெயர். ஒரே பக்கத்தில் இரண்டை ஏற்றினால், பின்னால் வந்தது குறியைப் பறித்துக்கொள்ளும். பறித்ததைத் திருப்பிக் கொடுக்க ‘நோகான்ஃப்ளிக்ட்’ என்று தனியாக ஒரு ஏற்பாட்டையே ஜேக்வெரி வைத்திருந்தது.

எதை எடுப்பது? டெவலப்பர்கள் வேகத்தை அளந்தார்கள். எளிதில் அளக்க முடிந்தது அதுதான். மூடூல்ஸ் குழு உருவாக்கிய ஸ்லிக்ஸ்பீட், சிஎஸ்எஸ் செலக்டர்களை வரிசையாகக் கொடுத்து, பக்கத்தில் அவற்றைத் தேடிப்பிடிக்க ஒவ்வொரு லைப்ரரிக்கும் எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று அட்டவணை போட்டது. லைப்ரரி எழுதியவர்கள் அந்த எண்ணைக் குறைக்கவே இரவும் பகலும் உழைத்தார்கள். நிஜமான ஒரு பக்கத்தில் அத்தனை செலக்டர்களை யார் தேடுகிறார்கள் என்ற கேள்வி பிறகுதான் வந்தது. டோஜோவின் பீட்டர் ஹிகின்ஸ் அன்றாட வேலைகளை வைத்து அளக்கும் டாஸ்க்ஸ்பீடைக் கொண்டுவந்தார். இதற்கிடையே சஃபாரி 3.1, எக்ஸ்ப்ளோரர் 8, ஃபயர்ஃபாக்ஸ் 3.5 என்று பிரவுசர்களே செலக்டர் தேடலைத் தாமே செய்யத் தொடங்கிவிட்டன. பந்தயத்தில் பாதி அங்கேயே முடிந்தது.

டிசைனர்கள் இந்த அட்டவணைகளைப் பெரிதாக மதித்ததாகத் தெரியவில்லை. சிஎஸ்எஸ்ஸில் எழுதிப் பழகிய அதே செலக்டரை ஜேக்வெரியிலும் எழுதினால் வேலை நடந்தது; மீதிக்கு யாராவது பிளக்-இன் எழுதி வைத்திருந்தார்கள். 2008 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டும் நோக்கியாவும் ஜேக்வெரியை ஏற்பதாக அறிவித்தபோது, போட்டி ஏறக்குறைய முடிந்துவிட்டது என்றே சொல்வேன்.

எந்த அட்டவணையிலும் ஏறாத ஒரு வித்தியாசம் இருந்தது. ஜேக்வெரி தன் சாமான்களைத் தன் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டது. புரோட்டோடைப்பும் மூடூல்ஸும் வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடித்தன: ஜாவாஸ்கிரிப்டின் சொந்த அர்ரேக்களிலேயே புதிய மெத்தடுகளைச் சேர்த்தன. எழுதுவதற்கு அது அழகு, சந்தேகமில்லை. மூடூல்ஸ் நிரல் இன்றும் படிக்க இதமானது.

பின்னாளில் மொழியின் தரத்தை வகுக்கும் டிசி39 குழு, அர்ரேக்குள் அர்ரேயாக இருப்பதைப் பிரித்துப் பரப்ப ‘ஃபிளாட்டன்’ என்ற மெத்தடைக் கொண்டுவர நினைத்தது. மூடூல்ஸ் அதே பெயரில் ஏற்கெனவே ஒன்றை அடித்து வைத்திருந்தது. ஃபயர்ஃபாக்ஸின் சோதனைப் பதிப்பில் புதியதை ஏற்றியதும், பழைய மூடூல்ஸை நம்பியிருந்த ஒரு தளம் உடைந்தது. பெயரை ‘ஸ்மூஷ்’ என்று மாற்றிவிடலாமே என்று ஒருவர் 2018-ல் வேடிக்கையாகச் சொல்லப்போக, அதை நிஜமென்று நம்பிப் பலர் கொதித்தார்கள். கடைசியில் ‘ஃபிளாட்’ என்று சுருக்கி, 2019 தரத்தில் சேர்த்தார்கள். இதற்கு முன்பே ‘கன்டெய்ன்ஸ்’ என்று பெயரிட நினைத்த மெத்தடும் இதே மூடூல்ஸால்தான் ‘இன்க்ளூட்ஸ்’ ஆகியிருந்தது.

(தொடரும்)