குவாரி வெடிமருந்து: கைமாற்று செல்லாத சரக்கு

திண்டிவனம், மயிலம், வானூர் பக்கத்துக் கல்குவாரிகளுக்கும் கிரஷர்களுக்கும் டீசல், டயர், கன்வேயர் பெல்ட், துளை போடும் கம்பி என்று சப்ளை செய்யும் வணிகர்கள் நம்மில் பலர் உண்டு. ஆனால் குவாரிக்கு முதலில் வேண்டிய சரக்கான வெடிமருந்து எங்கிருந்து வருகிறது, யார் விற்கலாம், விலை எப்படி ஏறி இறங்குகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. நமக்கு ஏன் வம்பு என்று ஒதுங்கி விடுகிறோம். ஒதுங்குவது சரிதான். எதிலிருந்து ஒதுங்குகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு ஒதுங்குவது நல்லது.

முதலில் சரக்கைப் பார்ப்போம். தோட்டா, கேப், திரி என்பவை குவாரிப் பேச்சு. தோட்டாவை இன்றும் எல்லோரும் ஜெலட்டின் என்றே சொல்கிறார்கள். நைட்ரோகிளிசரின் கலந்த அந்தப் பழைய ஜெலட்டின் 2004 ஏப்ரல் முதல் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. இப்போது பெட்டியில் வருவது ஸ்லரி, எமல்ஷன் வகைத் தோட்டாக்கள். இவற்றுக்கு மூலப்பொருள் அம்மோனியம் நைட்ரேட். நம் மாநிலத்தில் காட்பாடியில் அரசு நிறுவனமாகவே வெடிமருந்துத் தொழிற்சாலை 1980களில் தொடங்கப்பட்டது. பெரிய தனியார் உற்பத்தியாளர்கள் நாகபுரி, ஐதராபாத் பக்கம் இருக்கிறார்கள்.

விலை நம் ஊரில் தீர்மானமாவதில்லை. நாட்டிலேயே பெரிய கொள்முதல்காரர் கோல் இந்தியா. நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை சூடுபிடித்தால் நம் கிரஷர்காரருக்குப் பெட்டி கிடைப்பது தாமதமாகும். அம்மோனியம் நைட்ரேட்டில் ஒரு பகுதி வெளிநாட்டுச் சரக்கு. 2022 பிப்ரவரியில் ரஷ்யா அதன் ஏற்றுமதியை இரண்டு மாதம் நிறுத்தியது. அதே மாதம் உக்ரைன் போரும் தொடங்கியது. எங்கோ நடந்த சண்டைக்கு வானூரில் ஒரு யூனிட் ஜல்லி ஏன் விலை ஏற வேண்டும் என்று கேட்ட கட்டிடக்காரர்களுக்குப் பதிலின் ஒரு பகுதி இதுதான்.

எல்லாக் கல்லுக்கும் ஒரே மருந்து போதாது. ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் கல் நொறுங்க வேண்டும். திண்டிவனம் வட்டாரத்தின் குன்னம் கருங்கல்லோ ஏற்றுமதிச் சரக்கு. பாளம் விரிசல் இல்லாமல் முழுசாக வர வேண்டும். அங்கே வெடியைக் குறைத்து, வயர்-சா கொண்டு அறுக்கிறார்கள். துளையில் ஊற்றினால் மெல்ல உப்பிக் கல்லைப் பிளக்கும் சுண்ணாம்பு சேர்ந்த பவுடரும் உண்டு. இது வெடிபொருள் அல்ல. கடைக்காரர் நியாயமாகத் தொடக்கூடிய வியாபாரம் இந்தப் பக்கம்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இனி விஷயத்துக்கு வருவோம். நம் கடைத்தெருவில் சரக்கு தீர்ந்தால் பக்கத்துக் கடையில் இரண்டு பெட்டி கைமாற்று வாங்குகிறோம். மீந்தால் திருப்புகிறோம். தெரிந்தவர் கேட்டால் சில்லறையாகப் பிரித்துக் கொடுக்கிறோம். குடோனில் இடமிருந்தால் நண்பரின் மூட்டையை நாலு நாள் வைத்துக்கொள்கிறோம். இவை நல்ல வணிகரின் லட்சணம். வெடிமருந்தில் இவை அத்தனையும் குற்றம்.

1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்கீழ் வந்த 2008ஆம் ஆண்டு விதிகளின்படி, உரிமம் தருவது பெசோ எனப்படும் மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனம். கிடங்கு அமைக்கும் இடத்துக்கு மாவட்ட நிர்வாகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். வாங்குபவர் இண்டென்ட் கொடுக்க வேண்டும். விற்பவர் அதற்குப் பாஸ் போட வேண்டும். உரிமம் இல்லாதவருக்கு ஒரு தோட்டாகூடக் கொடுக்கக் கூடாது. ஏற்றிச் செல்லும் வேனுக்குத் தனி உரிமம், வெடி வைப்பவருக்குத் தனிச் சான்று. தோட்டாவும் கேப்பும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. சொந்தக் கிடங்கு இல்லாத சிறு குவாரிகளுக்கு உரிமதாரரின் வேன் வெடி வைக்கும் நாளில் வந்து, செலவானது போக மீதியை அன்றே கிடங்குக்குத் திருப்பிக் கணக்கில் ஏற்றுகிறது. இந்த மீதிதான் ஆபத்தான இடம். கிணறு ஆழப்படுத்த நாலு தோட்டா கேட்கும் விவசாயியிடம் அது போய்ச் சேர்ந்தால், அந்த நிமிடமே கள்ளச் சரக்கு. 1908ஆம் ஆண்டு வெடிபொருட்கள் சட்டத்தின்கீழ், சந்தேகத்துக்கிடமாக வைத்திருந்தாலே பத்தாண்டு வரை சிறை கிடைக்கலாம்.

சட்டம் ஏன் இவ்வளவு கடுமை என்று கேட்பவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2007 ஏப்ரலில் மயிலத்தை அடுத்த செண்டூரில், வெடிபொருள் ஏற்றி வந்த ஒரு ஜீப் வெடித்துப் பதினைந்து பேருக்கு மேல் மாண்டார்கள். திண்டிவனத்தில் கடை வைத்திருந்த மூத்தவர்களுக்கு அந்த நாள் மறந்திருக்காது.

ரசாயனம், உரம் விற்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. 2012ஆம் ஆண்டு அம்மோனியம் நைட்ரேட் விதிகள் வந்த பிறகு, அதைத் தயாரிக்க, இறக்குமதி செய்ய, விற்க, இருப்பு வைக்க எல்லாவற்றுக்கும் உரிமம் வேண்டும். எடையில் நாற்பத்தைந்து சதவீதத்துக்கு மேல் அது கலந்த சரக்கும் பொதுவாக இதில் அடங்கும். கரூர் இறக்குமதியாளர் ஒருவரின் சுமார் 740 டன் சரக்கைச் சுங்கத் துறை 2015இல் பிடித்தது. அது மணலி கன்டெய்னர் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் வெடித்து நகரையே சிதைத்த பிறகுதான் மணலிச் சரக்கை ஐதராபாத்துக்கு அனுப்ப அவசரப்பட்டார்கள். இறக்குமதியாளர் போட்ட முதல் என்னவாகியிருக்கும் என்பதை வணிகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துபவர்கள் ‘கெமிக்கல்’ என்று மட்டும் எழுதிய பில்லுக்குச் சரக்கு ஏற்றாதீர்கள். பெயர், உரிம எண், பாஸ் மூன்றும் இல்லாமல் அதைத் தொட வேண்டாம். குடோன் வாடகைக்கு விடுபவர்களும் ஒப்பந்தத்தில் சரக்கின் பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ‘இரண்டே நாள்தான்’ என்று வருபவரிடம் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை.

உரிமம் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு செய்தி. சாதாரண மின்சார கேப்புகளைத் தயாரிக்கவும் வைத்திருக்கவும் இறக்குமதி செய்யவும் 2025 ஏப்ரல் 1 முதல் தடை வந்துவிட்டது. இனி எலக்ட்ரானிக் கேப், அல்லது நோனல் எனப்படும் குழாய் வகை. விலை கூடுதல்தான், சிறு குவாரிகள் முனகும். பழைய இருப்பு ஒரு பெட்டி கிடந்தாலும் தள்ளுபடியில் தள்ளிவிட வழியில்லை. நாள் கடந்த தோட்டாவுக்கும் இதே கதிதான். பெசோ அதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அவர் சொல்லும் முறையில் அழித்து, அழித்ததைப் பதிவேட்டில் ஏற்றி நகலைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.