செயலிக்கு எவ்வளவு வேலை?

பள்ளிக் கணிப்பொறி அறையில் ஏதாவதொரு கணிப்பொறி எறும்பு ஊர்வதுபோல் நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கோப்பைத் திறக்கச் சொல்லிவிட்டு, வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்! "செயலி பழசாகிவிட்டது, மாற்ற வேண்டியதுதான்" என்று யாராவது தீர்ப்புச் சொல்வார்கள். மாற்றுவதென்றால் பணம் வேண்டும். குற்றம் உண்மையில் செயலியின்மீதுதானா என்று முதலில் அந்தக் கணிப்பொறியையே கேட்டுவிடலாமே!

லினக்ஸ் இயங்கும் கணிப்பொறியாக இருந்தால் இது எளிது. கட்டளைகளைத் தட்டும் திரையைத் திறந்து, 'டாப்' என்ற சொல்லை மூன்று சிறிய ஆங்கில எழுத்துகளில் தட்டி, என்ட்டர் விசையை அழுத்துங்கள். இப்பெயருள்ள நிரல் முதன்முதலில் 1984 இல் யுனிக்ஸ் கணிப்பொறிகளுக்காக எழுதப்பட்டது. திரையின் மேற்பகுதியில் சில சதவீதங்கள் தெரியும். கீழே, ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியல்.

செயலி 40 சதவீதம் வேலை செய்வதாகத் திரை காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். செயலி அரை மனதோடு உழைக்கிறது என்றா பொருள்? இல்லை. எந்த ஒரு கணத்திலும் செயலி ஒரு நிரலை நிறைவேற்றிக்கொண்டிருக்கும். அல்லது சும்மா இருக்கும். இரண்டுக்கும் நடுவே வேறொரு நிலை கிடையாது. ஆகவே இந்தச் சதவீதம் நேரத்தின் கணக்கு.

இக்கணக்கை எழுதிவைப்பது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல். உழைத்த நேரம், சும்மா இருந்த நேரம் இரண்டையும் வினாடியின் நூறில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு கூட்டிக்கொண்டே வரும். முதல் முறை பார்க்கும்போது உழைத்தது 5,000, ஓய்வு 20,000 என்றும், மூன்று வினாடி கழித்து 5,120, 20,180 என்றும் இருந்தால், இடையில் கழிந்தவை 300 அலகுகள். அவற்றில் 120 உழைப்பு. அதாவது 40 சதவீதம். டாப் செய்வது இந்தக் கழித்தலும் வகுத்தலும்தான்.

ஒரு நிரலுக்கு நேரே 250 சதவீதம் என்று இருந்தால் திடுக்கிட வேண்டாம். இன்றைய செயலிகளில் நான்கு, எட்டு என்று பல உள்ளகங்கள் உண்டு. ஓர் உள்ளகம் முழுதும் உழைத்தால் 100. அந்த நிரல் இரண்டரை உள்ளகங்களின் நேரத்தை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவே.

ஆனால் சதவீதம் ஒன்றைச் சொல்லாது. ரேஷன் கடையில் எடை போடுபவர் இடைவிடாமல் எடை போடுகிறார். வரிசையில் இருவர் நின்றாலும் இருபது பேர் நின்றாலும் அவருடைய உழைப்பு 100 சதவீதம்தான்! வரிசையின் நீளத்தை அறிய வேறோர் அளவு வேண்டும். அதுதான் 'சராசரிச் சுமை'. பலர் ஒரே கணிப்பொறியைப் பகிர்ந்துகொண்ட காலத்தில், அமெரிக்காவின் டெனெக்ஸ் இயங்குதளத்திலேயே இது இருந்தது. 1973 ஆகஸ்டில் வெளியான குறிப்பொன்றில் அந்தக் கணிப்பொறிகளின் ஜூலை மாதச் சுமைகள் பட்டியலாகத் தரப்பட்டுள்ளன.

டாப் திரையின் முதல் வரியில், வலக்கோடியில் இருக்கும் மூன்று எண்கள் இவையே. ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம் ஆகியவற்றுக்கான சுமைகள். நான்கு உள்ளகங்கள் உள்ள கணிப்பொறியில் சுமை 4 என்றால் ஆளுக்கொரு வேலை. 12 என்றால் வரிசை நீண்டுவிட்டது.

அப்படியா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முதலில் லினக்ஸ், செயலிக்காகக் காத்திருக்கும் நிரல்களை மட்டுமே எண்ணியது. இதனால் ஒரு வேடிக்கை நேர்ந்தது. வேகமான வட்டைக் கழற்றி மெதுவான வட்டைப் பொருத்தினால், நிரல்கள் வட்டின் வாசலில் தூங்கும். செயலியின் வரிசையோ குறையும். கணிப்பொறி தவழ்கிறது, சுமை இறங்குகிறது! இது பொருந்தவில்லை என்று 1993 இல் ஒரு நிரலாளர் மாற்றம் ஒன்றை முன்மொழிந்தார். அதன்படி, வட்டுக்காகக் காத்திருப்பவையும் சுமையில் சேர்ந்தன. மாற்றம் சரியானதே என்பது என் எண்ணம். ஆனால் அன்றிலிருந்து, சுமை பெரிதாக இருப்பதை மட்டும் கண்டு செயலியைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆகவே, மெதுவாக ஓடும் உங்கள் கணிப்பொறியில் சுமை 6 என்று கண்டால், சதவீத வரியையும் பாருங்கள். அங்கே 'டபிள்யூ, ஏ' என்ற இரண்டெழுத்துக்கு முன்னால் 70, 80 என்று இருந்தால், செயலி கையைக் கட்டிக்கொண்டு வட்டுக்காகக் காத்திருக்கிறது. புதுச் செயலி வாங்கினால் அதுவும் அப்படியே காத்திருக்கும்! வட்டைத்தான் கவனிக்க வேண்டும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். 'யெஸ்' என்ற கட்டளை ஓர் எழுத்தை ஓயாமல் அச்சிடும். அதையடுத்து > குறியிட்டு, 'டெவ் நல்' என்னும் அடியில்லாக் குழிக்கு அதைத் திருப்பிவிட்டால், ஓர் உள்ளகம் முழுதும் உழைக்கும். சும்மா இருந்த கணிப்பொறியில் இதைத் தொடங்கி, சரியாக ஒரு நிமிடம் கழித்து ஒரு நிமிடச் சுமையைப் பாருங்கள். 1 என்றுதானே எதிர்பார்ப்பீர்கள்? 0.63 அளவில்தான் இருக்கும். காரணம், ஐந்து வினாடிக்கொரு முறை லினக்ஸ் பழைய மதிப்பில் 92 சதவீதத்தை வைத்துக்கொண்டு, புதிய எண்ணிக்கையில் 8 சதவீதத்தை மட்டுமே சேர்க்கிறது. 0.92 ஐப் பன்னிரண்டு முறை பெருக்கி, 1 இலிருந்து கழித்துப் பாருங்கள், விடை கிடைக்கும். அதே நேரத்தில் மற்ற இரு எண்களும் 0.18, 0.06 என்ற அளவில் இருக்கும்.

கன்ட்ரோல் விசையுடன் 'சி' விசையை அழுத்தி நிரலை நிறுத்திய பின்னும் திரையை உடனே மூடிவிடாதீர்கள். செயலி அந்தக் கணமே ஓய்ந்துவிடும். மூன்று எண்களும் மெல்ல மெல்லத்தான் இறங்கும்.