பரங்கிமலைக்கு வந்த ‘இன் த மூட்’

மேலே படிப்பதற்கு முன் ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். காலால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சீராகத் தட்டுங்கள். ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து என்ற கணக்கில் ‘தகிட தகிட தகிட தகிட’ என்று வாயால் சொல்லிக்கொண்டே போங்கள். முதல் ‘த’ காலோடு சேர்ந்து விழும். அடுத்த ‘த’ இரண்டு தட்டுக்கு நடுவில் விழும். அதற்கடுத்தது மறுபடி சேரும். நாலும் மூன்றும் இப்படி உரசும்போது உடம்பு சும்மா இருக்காது. கஞ்சிராவும் தவிலும் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு பழக்கமானதுதான். 1939 ஆகஸ்ட் 1ஆம் தேதி நியூயார்க்கில் க்ளென் மில்லரின் இசைக்குழு பதிவு செய்த ‘இன் த மூட்’டின் உயிர்நாடியும் இதே கணக்குதான். சாக்ஸபோன்கள் மூன்று மூன்று ஸ்வரமாக ஏறி ஏறி வர, அடியில் தாளம் நாலு நாலாக நடக்கிறது. ஸ்விங் என்ற நடன இசை என்பதால் இரண்டு எழுத்தில் முதல் எழுத்தைக் கொஞ்சம் நீட்ட வேண்டும், அவ்வளவே.

நான் இதை முதலில் கேட்டது பல்லாவரத்தில், எங்கள் தெருக்கோடியில் இருந்த ஓட்டு வீட்டில். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற ஆங்கிலோ இந்தியப் பெரியவர் ஒருவர் அங்கே இருந்தார். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் ‘அங்கிள்’. ஒரு கிறிஸ்துமஸ் மாலை. மஞ்சள் சோறும் உருண்டைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். கேசட்டைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “உக்காந்து கேக்குற பாட்டு இல்ல மேன் இது, எழுந்திரு!” எழுபது வயதைத் தாண்டியவர், மனைவியின் கையைப் பிடித்துச் சுழற்றியபோது சிமெண்ட் தரையில் அவர் செருப்பு வழுக்கிப்போன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அமெரிக்காவின் ஒரு நடனக்குழுப் பாட்டு பல்லாவரத்து ஓட்டு வீட்டுக்குள் எப்படி வந்தது? ரயில் பாதையோடு வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். ஓட்டுநர், கார்டு, தந்தி அலுவலர் வேலைகளில் ஆங்கிலோ இந்தியர் நிறைய இருந்த காலம் அது. பரங்கிமலை பழைய ராணுவக் குடியிருப்பு. ஊர்ப் பெயரிலேயே ‘பரங்கி’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கும் பல்லாவரத்திலும் அவர்கள் வீடு கட்டிக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போர் வந்தபோது தாம்பரத்தில் விமானத்தளம் இருந்தது. நேசநாட்டுப் படையினருக்காக இலங்கையிலிருந்து ‘ரேடியோ சீயாக்’ ஒலிபரப்பியது. அதன் வாரிசுதான் நம் வீட்டுப் பெரியவர்கள் காதை ஒட்டவைத்துக் கேட்ட இலங்கை வானொலி. வானொலியிலும் இசைத்தட்டிலும் 1941இல் வந்த ‘சன் வேலி செரனேட்’ படத்திலுமாக மில்லர் உலகம் சுற்றினார். அந்தப் படத்தில் ‘இன் த மூட்’டும் உண்டு, ‘சட்டனூகா சூ சூ’ என்ற ரயில் பாட்டும் உண்டு. ரயில்வே குடும்பங்களுக்கு வேறென்ன வேண்டும்?

பட்டாளத்து வாத்தியத்தைக் கேட்டு நம்மூர்க்காரர் கிறங்குவது இதற்கு நூறாண்டு முன்பே நடந்ததுதான். கோட்டையில் வெள்ளைக்கார பேண்டு வாசித்த மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். ஏறக்குறைய நாற்பது நோட்டுஸ்வரங்கள் இன்றும் பாலபாடமாகப் பாடப்படுகின்றன. காது திறந்திருந்தால் மெட்டுக்கு ஊர் ஏது!

‘இன் த மூட்’டின் அமைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். முதலில் அந்தத் ‘தகிட’ சொற்கட்டு. பிறகு சொலோ. டெக்ஸ் பெனெக்கி, ஆல் க்ளிங்க் என்ற இரண்டு டெனர் சாக்ஸபோன்காரர்கள் மாறி மாறி வாசிக்கிறார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடிக்கிறார். கச்சேரியில் மிருதங்கமும் கடமும் கேள்வி பதிலாகப் பேசிக்கொள்வது போன்ற இடம் இது. அடுத்து க்ளைட் ஹர்லியின் டிரம்பெட். அதன் பின் வருவதுதான் இந்தப் பாட்டின் பெரிய வித்தை. அதே சொற்கட்டு திரும்ப வருகிறது, தணிந்த ஒலியில். முடிந்ததுபோல் நிற்கிறது. மறுபடி வருகிறது, இன்னும் தணிந்து. ஒவ்வொரு சுற்றிலும் ஒலி தணிந்து தணிந்து, கடைசியில் பக்கத்து அறையில் யாரோ வாசிப்பதுபோல் ஆகிவிடுகிறது. ஆடுகிறவர்கள் குனிந்து, அடியைச் சுருக்கி, மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். அப்போது, எச்சரிக்கையே இல்லாமல், மொத்தக் குழுவும் முழுத் தொண்டையில் வெடிக்கிறது.

தனி ஆவர்த்தனத்தில் குறைப்பு கேட்டவர்களுக்கு இந்தச் சுகம் புரியும். அங்கே அட்சரம் குறைந்துகொண்டே வந்து கடைசியில் கோர்வையாகக் கொட்டும். இங்கே குறைவது ஒலி. இரண்டிலும் கேட்கிறவனின் காத்திருப்பே வாத்தியமாகிவிடுகிறது. வெடிக்கும் என்று தெரியும், எப்போது என்பதுகூடத் தெரியும், ஆனாலும் நூறாவது முறையும் நெஞ்சு துள்ளுகிறது. இந்தப் பாட்டு இத்தனை ஆண்டு நின்றதற்கு முதல் காரணம் இந்தக் காத்திருப்புதான் என்பது என் தீர்மானமான எண்ணம்.

இரண்டாவது காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் வருத்தப்பட வேண்டியிருக்கிறது. இது ஒருவர் செய்த பாட்டில்லை. சிறுவயதில் டிராம் விபத்தில் வலக்கையை இழந்த நியூ ஆர்லியன்ஸ் டிரம்பெட் கலைஞர் விங்கி மனோன் 1930இல் பதிவு செய்த ‘டார் பேப்பர் ஸ்டாம்ப்’பில் இந்தச் சொற்கட்டு அப்படியே இருக்கிறது. கறுப்பினக் கலைஞரான ஜோ கார்லண்ட் அதை விரித்துக் கோத்தார். எட்கர் ஹேய்ஸ் குழு 1938இல் பதிவு செய்தது. ஆர்ட்டி ஷா குழுவும் வாசித்தது. ஆனால் ஷா குழு வாசித்த வடிவம் ஒரு இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்காத நீளம். மில்லர் தேவையில்லாததை வெட்டினார், சுற்றைச் சுருக்கினார், அந்தப் பொய் முடிவுகளைக் கூர்தீட்டினார். தட்டில் கார்லண்ட் பெயர் இருக்கிறது. மனோன் பெயர் இல்லை. மில்லர் செய்தது நல்ல தச்சுவேலை, அதில் சந்தேகமில்லை. மரம் மனோனுடையது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பல கைகள் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பான பாட்டு என்பதால்தான் யார் கையிலும் பாந்தமாக உட்காருகிறது. 1967இல் பீட்டில்ஸ் ‘ஆல் யூ நீட் இஸ் லவ்’ முடிவில் இதன் ஒரு துணுக்கைச் செருகினார்கள். 1989இல் ‘ஸ்விங் த மூட்’ என்ற கலவைப் பாட்டாக இது பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அந்தக் கேசட்தான் பல்லாவரத்து அங்கிள் வீட்டில் ஓடியது என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன்.

மில்லர் இதையெல்லாம் பார்க்கவில்லை. ராணுவத்தில் சேர்ந்து படைவீரர்களுக்காக வாசித்துவந்தவர், 1944 டிசம்பர் 15 அன்று இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்குச் சிறுவிமானத்தில் ஏறினார். விமானம் போய்ச் சேரவே இல்லை. அப்போது வயது நாற்பது.

நம் பாதைக்குத் திரும்பலாம். தாம்பரத்திலிருந்து அதே மின்சார ரயிலில் ஏறினால் கோடம்பாக்கத்தில் இறங்கலாம். நடனக்கூடங்களின் ஊதுகுழல் ஓசை சினிமா ஸ்டூடியோவுக்குள் போன தூரம் அவ்வளவுதான். 1964இல் வந்த ‘சர்வர் சுந்தர’த்தில் ‘அவளுக்கென்ன’ பாட்டை மறுபடி பாருங்கள். டி.எம்.சௌந்தரராஜன் பாட, எம்.எஸ்.விஸ்வநாதன் கைவீசி நடத்த, ஒலிப்பதிவுக் கூடமே திரையில் வருகிறது. அதன் தாளம் லத்தீன் அமெரிக்கச் சாயல் கொண்டது. என்றாலும் ஊதுகுழல்கள் கூட்டமாக எழுந்து, பாடகருக்குப் பதில் சொல்லிவிட்டு, சட்டென அடங்கும் பாங்கு ஸ்விங் குழுக்களிடம் கற்றது என்றே என் காது சொல்கிறது. விஸ்வநாதன் குழுவில் ட்ரம்ஸ் வாசித்த நோயல் கிராண்ட் போன்றவர்களின் பெயர் நமக்குத் தெரியும். பெயர் தெரியாதவர்கள் எத்தனையோ பேர்.

சுதந்திரத்தை ஒட்டியும் அதற்குப் பின்னும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போய்விட்டன. சென்னையில் பிறந்து பத்து வயதில் இங்கிலாந்து போன ஒரு பையன் அங்கே சாக்ஸபோன் வாசித்துத் தொடங்கி, எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்க் என்ற பெயரில் பாடகராக உலகப் புகழ் பெற்றார். எங்கள் தெரு ஓட்டு வீடு இப்போது நான்கு மாடிக் குடியிருப்பு. ஆனாலும் பரங்கிமலைப் பக்கம் நான் போன கல்யாண வரவேற்புகளில் இந்தப் பாட்டு வராமல் இருந்ததில்லை. வந்தவுடன் முதலில் எழுந்திருப்பது பாட்டிமார்கள்தான். பேரன்களுக்கு ஜைவ் நடன அடிகளைச் சொல்லிக்கொடுப்பதும் அவர்களே.

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய பொருள்களுக்கு நடுவே 78 சுழற்சி இசைத்தட்டு கண்ணில் பட்டால், கீறல் விழுந்திருந்தாலும் வாங்கிவிடுங்கள். பரணில் இருந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். அந்தத் தட்டு அரக்கால் ஆனது. உலகத்துக்கு அரக்கு பெருமளவில் இந்தியாவிலிருந்துதான் போனது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் கரைந்துவிடும், லேசான ஈரத்துணி போதும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைக்காமல், நிற்கவைத்து அடுக்குங்கள். அந்தக் காலத்து நடனக்கூடத்தில் ஆடியவரோ வாசித்தவரோ உங்கள் தெருவில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் உட்கார்ந்து அவர் சொல்வதைச் செல்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.