ஜிப்ஸியைத் தூக்கும் ஆசை

நான்கு சக்கர இயக்க வண்டியை உயர்த்தித் தருவது பட்டறைகளுக்கு அரை நாள் வேலை. எவ்வளவு உயர்த்துவது என்று முடிவு செய்வதுதான் கடினம்.

ஹைதராபாதின் வடமேற்கில் உள்ள சனத்நகரில் இரும்புக்குப் பஞ்சமில்லை. 1942-இல் தொடங்கி, பஸ் பாடியிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை செய்து பெயர் வாங்கிய ஆல்வின் நிறுவனத்தின் பேட்டை இது. ஆல்வினின் காலம் முடிந்துவிட்டது. ஆனால் சனத்நகரிலிருந்து பாலாநகர் வரை லேத் பட்டறைகளும் வெல்டிங் கடைகளும் இன்றும் நெருக்கியடித்து நிற்கின்றன. அளவைச் சொன்னால் போதும், தகட்டை வெட்டி, துளையிட்டு, மாலைக்குள் கையில் கொடுத்துவிடுவார்கள். எதற்கு என்று கேட்பவர்கள் குறைவு.

பழைய மாருதி ஜிப்ஸி வைத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய சபலம் வேறில்லை. 1985 டிசம்பரில் சந்தைக்கு வந்த இந்த வண்டி, 2019-இல் சாதாரண விற்பனையிலிருந்து விடைபெற்றது. இப்போது கிடைப்பதெல்லாம் கைமாறிய வண்டிகள்தான். வாங்கியவுடன் பலருக்குத் தோன்றும் முதல் ஆசை அதை உயர்த்துவது. விகாராபாத் பக்கத்துக் காட்டுப் பாதைகளும், நகரைச் சுற்றிக் குவிந்து கிடக்கும் கருங்கல் பாறைகளும் அந்த ஆசைக்குத் தூபம் போடுகின்றன.

ஆனால் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. ஜிப்ஸியின் தரை இடைவெளி 210 மி.மீ. என்று கம்பெனி சொன்ன கணக்கு, பாடியிலிருந்து தரைக்கு உள்ள தூரம் அல்ல. அச்சின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டைக்கும் தரைக்கும் உள்ள தூரம். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை இரண்டு அங்குலம் தூக்கினாலும் சரி, ஐந்து அங்குலம் தூக்கினாலும் சரி, அந்த உருண்டை ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அது சக்கரத்தோடு பிணைந்தது. பாறை முதலில் இடிக்கும் இடமும் பெரும்பாலும் அதுவே.

அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். ஜிப்ஸி கிங்கின் 205/70 ஆர் 15 டயரின் விட்டம் சுமார் 668 மி.மீ. 215/75 போட்டால் 703 மி.மீ. கூடுதலில் பாதி, அதாவது 18 மி.மீ., உருண்டைக்குக் கிடைக்கும். 235/75 போட்டால் 33 மி.மீ. கேட்க அற்பமாகத் தோன்றலாம். கல்லில் உரசுவதற்கும் தப்புவதற்கும் அதுவே போதும். ஆக, முதலில் டயரை முடிவு செய்ய வேண்டும். அந்த டயர் மட்கார்டில் உரசாமல் சுழல எவ்வளவு உயரம் தேவையோ அதுதான் லிஃப்டின் அளவு. பலர் செய்வது தலைகீழ்: முதலில் உயர்த்திவிட்டு, வெறுமையாகத் தெரியும் இடத்தை நிரப்ப டயர் தேடுகிறார்கள்.

ஸ்பிரிங் லிஃப்டால் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பாடியும் சேஸியும் உயர்வதால் மேட்டில் ஏறும்போது பம்பர் இடிக்காது. நடுவயிறு வரப்பில் உட்காராது. சக்கரம் மேலும் கீழும் அசைய இடம் கிடைக்கும். கேள்வி அளவைப் பற்றியது, வழியைப் பற்றியது.

மலிவான வழி நீளமான ஷேக்கிள். லீஃப் ஸ்பிரிங்கின் (ஹைதராபாத் மெக்கானிக்குகளுக்கு அது கமான்) ஒரு முனையைச் சேஸியோடு இணைக்கும் ஜோடித் தகடுதான் ஷேக்கிள். இரண்டு அங்குலம் நீளமான தகடு போட்டால் வண்டி ஒரு அங்குலம் உயரும். சனத்நகர் லேத்துக்கு இது சிறுபிள்ளை விளையாட்டு. ஆனால் ஜிப்ஸியின் முன் ஷேக்கிள் ஸ்பிரிங்கின் முன்முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் முன் அச்சு சற்றே முன்னோக்கிச் சுழன்று, காஸ்டர் கோணம் குறைந்துவிடும். விளைவு, திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பாது. நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் வண்டி மிதப்பது போலிருக்கும்.

ஆடம்பரமான வழி, அச்சுக்குக் கீழே இருக்கும் ஸ்பிரிங்கை மேலே ஏற்றுவது. ஒரே வீச்சில் சுமார் ஐந்து அங்குலம் கிடைக்கும். 2014-இல் கோவாவில் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற போட்டிகளுக்காகவே வண்டி கட்டுகிறவர்களுக்கு இது பொருந்தலாம். ஆபீஸுக்கும் ஓட்டுகிறவர்களுக்கு அல்ல. ஸ்பிரிங் மேலே வந்ததும் ஸ்டீயரிங்கின் டிராக் லிங்க் கம்பி அதில் இடிக்கும். உடனே பட்டறையில் அந்தக் கம்பியை வளைத்து வெல்டு செய்யச் சொல்வார்கள். நான்கு பேர் உயிர் தொங்கும் கம்பி அது. மற்றபடி பிரேக் ஹோஸ் நீட்டப்பட வேண்டும், புரப்பல்லர் ஷாஃப்டின் சாய்வு கூடிக் க்ராஸ் சீக்கிரம் தேயும், இழுவையில் ஸ்பிரிங் எஸ் வடிவில் முறுக்கிக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து கவிழ்வது. 1993-இல் மாருதி ஜிப்ஸியின் முன் சக்கர இடைவெளியை 1,210-லிருந்து 1,300 மி.மீ.-ஆக அகட்டியது. வெறும் 90 மி.மீ. அகலத்துக்காகக் கம்பெனி தனி மாடலே கொண்டுவந்தது. சக்கரத்தை அகட்டாமல் பாடியை மட்டும் 125 மி.மீ. தூக்குவது அந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுவது. அமெரிக்காவில் ஜிப்ஸியின் உறவுக்கார வண்டியான சுஸுகி சாமுராயை 1988-இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை, திடீர்த் திருப்பத்தில் கவிழ வாய்ப்புள்ளது என்று சொல்லி நிராகரித்தது. சுஸுகி 1996-இல் வழக்குப் போட்டது, 2004-இல் சமரசமானது. சோதனை நியாயமானதா என்று இரு தரப்பும் மல்லுக்கட்டின. ஆனால் அந்தச் சண்டை முழுக்க கம்பெனி உயரத்தில் இருந்த வண்டியைப் பற்றியது என்பதை மறக்கக் கூடாது.

சட்டமும் சும்மா இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனி கேள்வி கேட்கவும் அது வழிவிடும். பழைய ஜிப்ஸிக்காரர்களுக்கு இன்னொரு நெருக்கடி: 15 ஆண்டு முடிந்த வண்டியைப் பதிவு புதுப்பிக்க ஆர்.டி.ஓ. முன் நிறுத்தியாக வேண்டும்.

2023-இல் வந்த ஐந்து கதவு ஜிம்னிக்காரர்களுக்குக் கணக்கு சற்று வேறு. அதில் காயில் ஸ்பிரிங். உயர்த்தினால் அச்சை ஒரு பக்கமாகப் பிடித்திருக்கும் குறுக்குக் கம்பி அதைப் பக்கவாட்டில் இழுக்கும். காஸ்டர் பிரச்சினை அதிலும் உண்டு. ஆனால் உருண்டை விஷயத்தில் ஜிம்னியும் ஜிப்ஸியும் ஒரே ஜாதி.

இருபது வயது ஜிப்ஸி ஏற்கனவே தாழ்ந்துபோயிருக்கும் என்பதையும் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. பட்டைகள் தளர்ந்து, புஷ்கள் நைந்து, வண்டி ஒரு அங்குலம் உட்கார்ந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. கம்பெனி அளவில் புதிய ஸ்பிரிங், புஷ், ஷாக் அப்ஸார்பர் போட்டாலே இழந்த உயரம் திரும்பும். சட்டத்துக்கும் வேலையில்லை. அதன் பிறகும் போதவில்லை என்பவர்கள், தக்க நீளமுள்ள ஷாக் அப்ஸார்பருடன் ஒன்றரை அங்குலத்தோடு நிறுத்துவது நல்லது, அதற்கும் ஆர்.டி.ஓ.விடம் பதில் சொல்லியாக வேண்டும். வெட்டாமல் வெல்டு செய்யாமல் போட்டதைக் கழற்றிவிடலாம். எனவே பழைய ஸ்பிரிங்கையும் ஷேக்கிளையும் காயலான் கடைக்குப் போடாமல், எண்ணெய் பூசி வீட்டிலேயே எடுத்து வைத்திருக்க வேண்டும். அடுத்த எஃப்.சி.க்கு அவை தேவைப்படும்.