மன்னார்க் கடலும் சட்டமும்: முத்துச் சலாபம் முதல் இழுவைமடித் தடை வரை

சட்டம் சமூகத்துக்கு அப்பால் நின்று, எல்லார்க்கும் ஒரே அளவில் நீதி வழங்குவது என்னும் எண்ணம் பரவலாக நிலவுகின்றது. ஆயின் ஒரு குறிப்பிட்ட பிரதேசத்தை எடுத்துக்கொண்டு, அங்கு நடைமுறைக்கு வந்த சட்டங்களை வரன்முறையாக நோக்கின், இவ்வெண்ணம் முழுமையானதன்று என்பது புலனாகும். ஒவ்வொரு சட்டமும் எதனைக் காத்தது, எவரிடமிருந்து காத்தது, எவருக்காகக் காத்தது என்ற வினாக்களை எழுப்புதல் இங்கு அவசியமாகின்றது. மன்னார்த் தீவையும் அதனை அடுத்த கரையோரத்தையும் சார்ந்த மீன்பிடி, வேட்டை, வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டங்களை இவ்வினாக்களின் அடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மன்னார்த் தீவின் வடக்கே பாக்கு விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் அமைந்துள்ளன. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி நோக்கிச் செல்லும் மணற்றிட்டுகளே இவ்விரு கடல்களையும் பிரிக்கின்றன. ஆழங்குறைந்த இக்கடலில் சூரிய ஒளி அடித்தளம் வரை செல்வதால் கடற்புற்கள் செழித்து வளர்கின்றன. இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் வாழ்வதற்கும், கடற்பசு மேய்வதற்கும் இப்புற்றரைகளே ஆதாரமாகும். பேசாலை, தாழ்வுபாடு, வங்காலை, விடத்தல்தீவு, அரிப்பு, சிலாவத்துறை முதலிய ஊர்களின் வாழ்வு இக்கடலோடு பிணைந்தது. எனவே இக்கடல் பற்றிய சட்டம் ஒவ்வொன்றும் இவ்வூர்களின் அடுப்பங்கரை வரை சென்று பாதிப்பதாகும்.

1. வருவாய்க்கான சட்டம்

மன்னார்க் கடலைப் பற்றிய பழைய சட்டங்கள் மீனைப் பற்றியனவல்ல, முத்தைப் பற்றியன. 1560இல் போர்த்துக்கேயரும் 1658இல் ஒல்லாந்தரும் மன்னாரைக் கைப்பற்றியமைக்கும், 1795இல் அது பிரித்தானியர் வசமானபோது அவர்கள் அதில் கொண்ட அக்கறைக்கும் முத்துப் பார்கள் முக்கிய காரணமாயிருந்தன. 1811ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியொன்று, முத்துப் பார்களின் எல்லைக்குள் தக்க காரணமின்றித் தரித்து நிற்கும் படகுகளைப் பறிமுதல் செய்ய அரசுக்கு அதிகாரம் அளித்தது. இவ்வெல்லை கரையிலிருந்து மூன்று மைலுக்கு அப்பாலும் விரிந்திருந்தது. ஆழ்கடல் உயிரினங்கள்மீது ஓர் அரசுக்கு உரிமையுண்டா என்பது 1893இல் பாரிஸ் நகரில் நடைபெற்ற பெரிங் கடல் நடுத்தீர்ப்பில் ஆராயப்பட்டபோது, இலங்கையின் முத்துப் பார்ச் சட்டமும் எடுத்துக்காட்டாக முன்வைக்கப்பட்டது. மன்னார்க் கரையின் ஒரு சிறு ஒழுங்குவிதி உலகக் கடற்சட்ட விவாதத்தில் இடம்பெற்றமை குறிப்பிடத்தக்கது.

சலாபம் நடைபெற்ற முறை அதன் பொருளாதார உறவுகளைத் தெளிவாக்கும். குளிகாரர் தமிழகத்தின் கீழக்கரை, தூத்துக்குடி முதலிய இடங்களிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் வந்தனர். மூச்சடக்கி மூழ்கி அவர்கள் எடுத்த சிப்பிகள், ‘கொட்டு’ எனப்பட்ட வேலி சூழ்ந்த களத்தில் மூன்று குவியல்களாகப் பிரிக்கப்பட்டன. அவற்றுள் எவை அரசின் பங்கு என்பதை அரச உத்தியோகத்தரே தீர்மானித்தார். இரண்டு குவியல்கள் அரசைச் சேர்ந்தன. உயிரைப் பணயம் வைத்தவர்க்கு ஒன்று எஞ்சியது. மரிச்சுக்கட்டியில் தளம் அமைத்து நடத்தப்பட்ட 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசு 25 இலட்சம் ரூபாவுக்கு மேல் வருவாய் பெற்றது.

இதற்கு முன்னர், 1891ஐத் தொடர்ந்து பதினொரு ஆண்டுகள் சலாபம் நடைபெறவில்லை. சிப்பிகள் அழிவதன் காரணத்தை அறிய 1902இல் பேராசிரியர் ஹேர்ட்மன் வரவழைக்கப்பட்டார். அவரும் ஹோர்னெலும் மேற்கொண்ட ஆய்வின் அறிக்கை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. விஞ்ஞானம் வருவாய்க்குத் துணையாக அழைக்கப்பட்டதை இங்கு காண்கிறோம். 1906இல் முத்துப் பார்கள் ஆண்டுக்கு 310,000 ரூபா குத்தகைக்கு 20 ஆண்டு காலத்துக்கு ஒரு பிரித்தானியக் கம்பனியிடம் ஒப்படைக்கப்பட்டன. ஓரிரு ஆண்டுகளிலேயே விளைச்சல் வீழ்ந்தது, கம்பனியும் கலைந்தது. 1925இல் முத்துக் குளிப்புக்கெனத் தனிக் கட்டளைச் சட்டம் வந்தபோது, சலாபத்தின் பெருங்காலம் முடிவுறும் நிலையில் இருந்தது. சங்கு குளிப்பும் 1890ஆம் ஆண்டிலேயே தனிக் கட்டளைச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டிருந்தது.

எனவே முதற்கட்டச் சட்டங்கள் காத்தது அரசின் வருவாயை. காக்கப்பட்டது எவரிடமிருந்து எனின், அக்கடலில் தொழில் செய்தவரிடமிருந்தே எனலாம்.

2. காட்டு விலங்கும் கடற்பசுவும்

இரண்டாவது கட்டம் வேட்டைச் சட்டங்களோடு தொடர்புடையது. 1894இல் இலங்கையில் தோன்றிய வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தில் தோட்டத்துரைமாரும் குடியேற்ற அரசின் உத்தியோகத்தரும் முதன்மை பெற்றிருந்தனர். பொழுதுபோக்குக்காக வேட்டையாடுவோர், தமக்குரிய விலங்குகள் அற்றுப்போகாதிருத்தலையே முதலில் நாடினர். கிராமத்தவன் உணவுக்காகச் செய்யும் வேட்டை குற்றமாகவும், அனுமதிப் பத்திரம் பெற்றவரின் வேட்டை விளையாட்டாகவும் கொள்ளப்பட்ட இருமை இவ்வாறே உருவாயிற்று. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகருவிகள் கட்டளைச் சட்டமும் அனுமதிப் பத்திர முறையினூடாகத் துப்பாக்கியை அரசின் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. மன்னாரின் தென்னெல்லையில் உள்ள வில்பத்து 1905இல் சரணாலயமாகவும் 1938இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது.

எனினும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தை வேட்டைக்காரரின் சட்டம் என்று மட்டும் ஒதுக்கிவிடல் தவறாகும். 1964, 1970, 1993, 2009 ஆகிய ஆண்டுகளின் திருத்தங்களினூடாக அது உயிரினப் பாதுகாப்புச் சட்டமாக வளர்ச்சியடைந்தது. மன்னாரைப் பொறுத்தவரை அதன் முக்கிய விளைவு கடற்பசுவின் பாதுகாப்பாகும். ‘ஆவுளியா’ என மீனவர் வழங்கும் இவ்விலங்கு 1970 தொடக்கம் பாதுகாக்கப்பட்ட இனமாயிற்று. கடலாமைகளும் எழுபதுகளில் இப்பாதுகாப்பைப் பெற்றன. அதற்கு முன்னர் ஆவுளியாவின் இறைச்சி மன்னார்ச் சந்தையில் வெளிப்படையாக விற்கப்பட்டு வந்தது.

இத்தடைக்கு உயிரியல் நியாயம் உண்டு. கடற்பசு ஏறத்தாழ 13 மாதங்கள் சினைப்பட்டு ஒரு கன்றையே ஈனும். அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை செல்லலாம். இத்தகைய விலங்கினத்தில் ஆண்டுதோறும் சிறு தொகையினைக் கொன்றாலும் இனம் தேய்வது திண்ணம். ஆயினும் கொல்வதைத் தடுக்கும் சட்டம் மட்டும் போதுமானதன்று. அறியாமல் வலையிற் சிக்கி மூச்சுத் திணறி இறக்கும் ஆவுளியாவை எச்சட்டமும் மீட்கமுடியாது. தண்டனைக்கு அஞ்சும் மீனவன் அதனை அறிவிக்காது மறைப்பதும் இயல்பே. மேலும் அதன் உணவாகிய கடற்புல் அழியுமானால், பாதுகாப்பு என்பது காகிதத்தில் மட்டுமே எஞ்சும். கடற்புல்லை அழிப்பது எது என்ற வினா நம்மை மூன்றாவது கட்டத்துக்கு இட்டுச் செல்கின்றது.

3. எல்லையும் இழுவைமடியும்

1974 ஜூன் மாத உடன்படிக்கை பாக்கு நீரிணையிலும், 1976 மார்ச் மாத உடன்படிக்கை மன்னார் வளைகுடாவிலும் இந்திய-இலங்கைக் கடலெல்லையை வகுத்தன. முதல் உடன்படிக்கை இரு நாட்டுக் கலங்களும் மரபாக அனுபவித்த உரிமைகளைக் குறிப்பிட்டது. 1976இல் பரிமாறப்பட்ட கடிதங்களோ ஒரு நாட்டு மீன்பிடிக் கலங்கள் மற்ற நாட்டின் கடலில் மீன்பிடித்தலாகாது என வரையறுத்தன. 1979ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க வெளிநாட்டு மீன்பிடிப் படகுகள் ஒழுங்குபடுத்தற் சட்டம் இதனை உள்நாட்டுச் சட்டமாக்கியது. சலாபக் காலத்தில் ஒரே தொழிற்களமாயிருந்த கடல் இவ்வாறு சட்டத்தால் இரண்டாயிற்று.

இதே காலப்பகுதியில் தமிழகக் கரையில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. ஐம்பதுகளில் தொடங்கிய இந்தோ-நோர்வீஜியத் திட்டமும், ஏற்றுமதிச் சந்தையில் இறாலுக்கு ஏற்பட்ட விலையேற்றமும் இழுவைப் படகுகளைப் பெருக்கின. தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரை இழுவைப் படகுகளைத் தடைசெய்தது. பாக்கு விரிகுடாவின் ஒடுங்கிய பரப்பில் அப்படகுகளுக்கு எஞ்சிய இடம் எல்லைக்கு அப்பாலேயே இருந்தது.

அவ்வப்பால், 1983க்குப் பின்னர், பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தது. போர்க்காலத்தில் வடபகுதி மீனவர்மீது கடற்றடைகளும் அனுமதி முறையும் எந்திர வலுக் கட்டுப்பாடுகளும் விதிக்கப்பட்டன. பலர் மண்டபம் முகாமுக்கு அகதிகளாகச் சென்றனர். 1990 ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 2009இல் போர் முடிந்து மீனவர் கடலுக்குத் திரும்பியபோது, வாரத்தில் மூன்று இரவுகள் இழுவைப் படகுகள் தமது வலைகளை அறுத்துச் செல்வதைக் கண்டனர். அவ்விரவுகளில் கடலுக்குச் செல்லாது கரையில் இருப்பதே பலருக்கு வழக்கமாயிற்று. கடன்பட்டு வாங்கிய வலை ஒரே இரவில் அழியுமாயின், அக்குடும்பம் மீள்வதற்குப் பல மாதங்கள் செல்லும்.

இழுவைமடி கடலடியைச் சுரண்டிச் செல்லும்போது கடற்புல்லும் சிப்பியும் மீன்குஞ்சும் ஒன்றாக அள்ளப்படுகின்றன. ஆகவே மீனவனின் வலையையும் ஆவுளியாவின் மேய்ச்சலையும் அழிப்பது ஒரே உற்பத்தி முறையே. இழுவைப்படகு பேசாலை போன்ற நம் ஊர்களிலும் இருந்தது என்பதை மறைத்தலாகாது. இதனாலேயே, நாடாளுமன்ற உறுப்பினர் எம். ஏ. சுமந்திரன் தனிநபர் பிரேரணையாகத் தொடக்கி, 2017 ஜூலையில் நிறைவேறிய 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் முக்கியத்துவம் பெறுகின்றது. அது இழுவைமடியை எந்நாட்டவர் பயன்படுத்தினும் குற்றமாக்கியது. குற்றவாளிக்கு இரண்டாண்டு வரையான சிறையும் 50,000 ரூபா தண்டமும் விதிக்க அது வழிசெய்தது. 2018இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டப்பணம், படகின் நீளத்துக்கேற்ப ஆகக்கூடியது 17 கோடி 50 இலட்சம் ரூபா வரை உயர்த்தப்பட்டது.

2017ஆம் ஆண்டுச் சட்டம் வட பகுதிச் சிறு மீனவரின் நீண்டகாலக் கோரிக்கையிலிருந்து பிறந்தது. இவ்வகையில் அது முன்னைய சட்டங்களினின்றும் வேறுபடுகின்றது. எனினும் அதன் சுமையை முதலிற் சுமப்பவர் படகு முதலாளியல்லர். கூலிக்கோ பங்குக்கோ வந்து, பிடிபட்டு, சிறையில் இருக்கும் தமிழகத் தொழிலாளியே. 2017இல் இந்திய அரசு பாக்கு விரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளை மூன்றாண்டுகளில் ஆழ்கடற் படகுகளாக மாற்றத் திட்டமிட்டது, அவ்விலக்கு எட்டப்படவில்லை. மாற்றுத் தொழில் இன்றித் தண்டனை மட்டும் கூடும்போது, ஒடுக்கப்பட்டோர் இருவர் எதிரெதிரே நிறுத்தப்படுகின்றனர்.

4. ஒதுக்கங்களும் மக்களும்

போரின் இறுதிக் காலம் முதல் மன்னாரில் பாதுகாக்கப்பட்ட பரப்புகள் விரைந்து பெருகின. வங்காலை 2008இல் சரணாலயமாகவும் 2010இல் ராம்சார் ஈரநிலமாகவும் ஆயிற்று. 2015இல் ஆதாமின் பாலம் தேசியப் பூங்காவாகவும், 2016இல் விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கமாகவும் அறிவிக்கப்பட்டன. குளிர்காலத்தில் வடதிசையிலிருந்து வரும் பறவைகளுக்கும் கண்டற்காடுகளுக்கும் இவை இன்றியமையாதன என்பதில் ஐயமில்லை. ஆனால் 1905இல் சலாபக் கூட்டம் நிறைந்திருந்த மரிச்சுக்கட்டிப் பகுதியில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1990இல் வெளியேற்றப்பட்ட மக்கள் திரும்பி வந்தபோது, அவர்கள் இல்லாத இருபது ஆண்டுகளில் காணிகள் காடாகியிருந்தன. 2012இலும் 2017இலும் வெளியான வர்த்தமானிகள் அப்பகுதியின் பெரும்பரப்பை வன ஒதுக்கமாக்கின. ஒருவன் விரும்பி விட்டுச்சென்ற நிலத்தையும், துரத்தப்பட்டு இழந்த நிலத்தையும் வரைபடம் வேறுபடுத்திக் காட்டுவதில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. 2024 மே மாதத்தில் விடத்தல்தீவு ஒதுக்கத்தின் ஒரு பகுதியை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென விடுவிக்கும் வர்த்தமானி வெளியாயிற்று. சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றத்தை நாட, அதன் செயற்பாடு இடைநிறுத்தப்பட்டது. காணி கேட்கும் குடியானவனுக்கு இறுகி நிற்கும் எல்லை, முதலீட்டுக்கு நெகிழ்ந்து கொடுக்குமாயின், பாதுகாப்பின் நோக்கத்தில் மக்கள் ஐயுறுதல் இயற்கையே.

5. முடிவு

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டம், முத்து, சங்கு, திமிங்கிலம், மீன்பிடி ஆகியவற்றுக்குரிய பழைய நான்கு சட்டங்களையும் நீக்கி, அவற்றின் இடத்தில் ஒரே சட்டத்தை வைத்தது. கடற்றொழில் முகாமைத்துவப் பிரதேசங்களை வகுப்பதற்கும், மீனவரைக் கொண்ட குழுக்களை அமைப்பதற்கும் அதில் இடமுண்டு. இவ்வேற்பாடே நமது கவனத்தை வேண்டிநிற்கின்றது. எந்தப் பாரில் எப்போது தொழில் செய்வது, எந்தப் புற்றரையை விட்டுவைப்பது, ஆவுளியா சிக்கினால் என்ன செய்வது என்பவற்றை அறிந்தவர் அக்கரையில் வாழ்வோரே. அவ்வறிவு சட்டமாக்கப்படும் இடத்தில் இருத்தல் வேண்டும். தண்டனை வழங்கும் இடத்தில் மட்டும் அவர்கள் நிறுத்தப்படுதல் ஆகாது.

கொட்டில் மூன்று குவியல்களாகச் சிப்பியைப் பிரித்த காலம் மறைந்துவிட்டது. எனினும் எந்தக் குவியல் எவருக்கு என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்னும் வினா மன்னார்க் கரையில் இன்னும் விடையின்றியே நிற்கின்றது. கடலையும் அதன் உயிர்களையும் காக்கும் சட்டம், அக்கடலில் உழைப்பவரையும் காக்கும்போதே நிலைபெறும்.